வாசலில் ஓர் அங்குலம்

தரை விஷயத்தில் மேஸ்திரியிடம் வாய் கொடுத்து யாரும் ஜெயிக்க முடியாது. இருபத்திரண்டு வருஷமாக டைல்ஸ் ஒட்டுகிறவர். ஓர் அறைக்குள் நுழைந்து நாலு எட்டு நடந்தாலே போதும், எந்த மூலையில் தண்ணீர் வடியும் வாட்டம் தவறியிருக்கிறது, எந்தக் கல்லுக்கு அடியில் கலவை நிரம்பாமல் பொள்ளலாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார். நம்பாதவர்கள் ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார்கள். அதன் கண்ணாடிக் குழாயில் இருக்கும் குமிழி அவர் சொன்ன பக்கமே போய் நிற்கும். அப்போது அவர் மீசையை ஒரு தடவை தடவிக்கொள்வார். அந்தத் தடவலைப் பார்த்து எரிச்சல் வராதவர்கள் குறைவு.

தொழிலில் அவருக்குப் பட்டப்பெயர் 'படிக்கல்'. எங்கே கதவு இருந்தாலும், அதன் கீழே குறுக்காக ஓர் அங்குல உயரத்தில் கருங்கல் பட்டை ஒன்றைப் பதித்துவிடுவார். வீட்டுக்காரர் கேட்டாலும் பதிப்பார், கேட்காவிட்டாலும் பதிப்பார். இதற்குக் காரணம் இருக்கிறது. இருபது வயதில் அவர் தனியாக எடுத்துச் செய்த முதல் வேலை ஒரு சின்ன வீடு. குடிவந்த மறுவாரமே யாரோ சமையலறைக் குழாயைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போக, தண்ணீர் மூன்று அறைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தது. மர அலமாரியின் அடிப்பாகம் ஊறி உப்பிவிட்டது. வீட்டுக்கார அம்மா அவரைத் தெருவில் நிறுத்தி, போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்க்கும்படி ஒரு பிடி பிடித்தாள். அன்றிலிருந்து அவர் போட்ட தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் அறை விட்டு அறை போனதில்லை. கல்லின் ஓரத்தை அரைவட்டமாக உருட்டி, கையாலேயே மெருகேற்றுவார். அது அவர் போட்ட கையெழுத்து மாதிரி.

அவர் வீட்டில் ஐந்து கதவு, ஐந்து கல். வீட்டில் எல்லோரும் கதவைக் கண்டாலே காலைத் தூக்கி வைப்பார்கள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி, படியே இல்லாத கடை வாசலிலும் காலைத் தூக்கி வைத்து நடந்து, கூட வேலை செய்கிறவர்களிடம் தினமும் கேலி வாங்குவாள். ஒரே மகள், பெயர் என்னவோ அழகானதுதான், ஆனால் செய்கிற காரியத்தை வைத்து எல்லோரும் கூப்பிடுவது 'வாலு'.

வாலுவுக்கு ஒன்பது வயது நிறையப் போகிறது. வகுப்பில் இருபத்து நாலு பிள்ளைகள். அத்தனை பேரையும் கூப்பிட்டே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். இவர்கள் வீடு இருப்பது மூன்றாவது மாடியில், கூடத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்தால் ஒன்பதாவது ஆள் ஜன்னல் மேல்தான் உட்கார வேண்டும். வெளியே இடம் பார்ப்பது என்று முடிவாயிற்று.

"இடத்தை என்கிட்ட விடு. நான் தரை போட்ட ஹாலே மூணு இருக்கு" என்றார் மேஸ்திரி.

"மத்தவங்க போட்ட ஹாலும் ஊர்ல இருக்குங்க" என்றாள் மனைவி.

"அதுல எல்லாம் மனுஷன் நடப்பானா?"

பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு எந்த இடத்தில் வாயை மூடவேண்டும் என்று தெரியும். ஆனால் மகள் வாயைத் திறந்தாள்.

"அப்பா, இன்ஸ்பெக்டர் வந்தாத்தான் எனக்கு பர்த்டே. இல்லன்னா வேணாம்."

இன்ஸ்பெக்டர் என்பது வாலுவின் உயிர்த்தோழி. இந்த வருஷம்தான் பள்ளியில் சேர்ந்தவள். பிறந்ததிலிருந்தே கால் நடக்காது, சக்கர நாற்காலியில்தான் போக்குவரத்து. வந்த முதல் வாரமே, யார் வீட்டுப்பாடம் எழுதவில்லை, யார் அடுத்தவர் பென்சிலை எடுத்தார்கள் என்று வரிசை வரிசையாக வண்டியை உருட்டிக்கொண்டு போய் விசாரணை நடத்தியதில் இந்தப் பெயர் வந்தது. அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது.

"வரச் சொல்லேன். யாரு வேணாம்னாங்க?"

"வரமாட்டாளாம். போன மாசம் ஒருத்தி பர்த்டேக்கு அவளும் வந்தா. வாசல்லயே யாரோ ஒரு அங்கிள் அவளைத் தூக்கிட்டுப் போயி சோபால உக்கார வெச்சுட்டாரு. வண்டி வெளியிலயே நின்னுச்சு. நாங்கல்லாம் விளையாடினோம். அவ ரெண்டு மணி நேரம் சோபாலயேதான். பாத்ரூம் போகணும்னு சொல்லக்கூட வெக்கமா இருந்துச்சாம் அவளுக்கு. வண்டி உள்ள வந்தா நான் வருவேன், யாராவது தூக்கினா வரமாட்டேன்னு சொல்லிட்டா." சொல்லும்போதே வாலு அழ ஆரம்பித்தாள். "நான் அன்னிக்கு அவ பக்கத்துல உக்காராம விளையாடப் போயிட்டேன்ப்பா."

மகள் அழுதால் மேஸ்திரிக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. அதனால் உடனே தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "இவ்வளவுதானே? சனிக்கிழமை அவளையே கூட்டிட்டுப் போவோம். அவளே பாத்து சரின்னு சொல்லட்டும். என் தரையில ஓடாத சக்கரம் எங்கயும் ஓடாது."

சனிக்கிழமை காலை மேஸ்திரியும் மனைவியும் வாலுவும் கடைத்தெருவில் காத்திருக்க, இன்ஸ்பெக்டரின் அம்மா அவளைக் கொண்டுவந்து விட்டாள். அதே தெருவில் துணிக்கடையில் வேலை அவளுக்கு. மெலிந்த உடம்பு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். "தொந்தரவு பண்ணா சொல்லுங்கண்ணே" என்று மகளைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஓடினாள். மேஸ்திரியின் மூன்று ஹால்களும் அந்தத் தெருவிலேயே இருந்தன.

முதல் ஹால் அவர் செல்லப்பிள்ளை. வெள்ளைத் தரை, ஒரே நூல் பிடித்தாற்போல் இடுக்குகள். அவர் கைகளை ஆட்டியபடி பேசிக்கொண்டே உள்ளே போனார். "இதோ பாருங்க, இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிவரைக்கும் ஒரு கோலிக்குண்டை வெச்சா வெச்ச இடத்துல நிக்கும்..." நடு ஹாலுக்கு வந்து திரும்பிப் பார்த்தால் பின்னால் யாரும் இல்லை. வாசலில் 'டக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி 'டக்'.

வண்டியின் சின்ன முன்சக்கரங்கள் இரண்டும் கருங்கல் பட்டையில் முட்டி நின்றன. இன்ஸ்பெக்டர் பின்னால் போய், வேகம் எடுத்து வந்து இன்னொரு தடவை முட்டினாள். வண்டி அதிர்ந்ததே தவிர ஏறவில்லை. மேஸ்திரி ஓடிவந்து வண்டியைப் பிடிக்கக் குனிந்தார்.

"தூக்கக் கூடாது" என்று அவள் கையைக் காட்டினாள். பிறகு குனிந்து கல்லைப் பார்த்தாள். "அங்கிள், இது யாரு வெச்சது?"

மேஸ்திரியின் முகத்தில் ஈயாடவில்லை. "நான்தான்."

"எதுக்கு?"

"தண்ணி தாண்டாம இருக்கறதுக்கு."

"நானும் தாண்டல" என்றாள் இன்ஸ்பெக்டர்.

கேலியாகச் சொல்லவில்லை, விசாரணையில் தெரியவந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னாள். மேஸ்திரியின் மனைவி தெருவைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் இந்தக் கல்லைப் பற்றி எத்தனையோ பாராட்டுகளை அவர் கேட்டிருக்கிறார். அதன் முன்னால் ஒருவர் நின்றுவிடக்கூடும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. தோன்ற வழியும் இல்லை, அவர் கால் தானாகத் தூக்கிக்கொள்கிறதே!

ஹால் உரிமையாளரைக் கூப்பிட்டு, கல்லை எடுத்துவிடட்டுமா, நானே சமன் செய்து தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். அந்த மனிதர் சிரித்தார். "என்ன மேஸ்திரி, விளையாடறீங்களா? இந்தக் கல்லுக்காகத்தானே உங்களைத் தேடிப் பிடிச்சேன். ஹாலைப் பாக்க வர்றவங்களுக்கு முதல்ல இதைத்தான் காட்டறேன்."

இரண்டாவது ஹாலிலும் கல். மூன்றாவதில் வாசலுக்கு, சாப்பிடும் அறைக்கு, கழிப்பறைக்கு, பின் முற்றத்துக்கு என்று மொத்தம் நாலு கல். இன்ஸ்பெக்டர் வாசலில் இருந்தபடியே எண்ணிச் சொன்னாள். மேஸ்திரிக்குத் தன் வேலையே தன்னைச் சுற்றி வளைத்துக்கொண்டாற்போல் இருந்தது.

"ஒவ்வொண்ணுக்கும் சாய்வா ஒரு பலகை போட்டுட்டா?" என்று கேட்டார்.

"எங்க ஸ்கூல் லைப்ரரி வாசல்ல ஒரு பலகை இருக்கு அங்கிள். முத நாள் போட்டாங்க. மறுநாள் யாரோ தடுக்கி விழுந்தாங்கன்னு சுவர்ல சாத்தி வெச்சாங்க. இன்னும் அங்கயேதான் சாஞ்சிருக்கு."

வாலு தோழியின் வண்டிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள். திட்டியிருந்தால்கூட அவருக்குப் பரவாயில்லை.

மனைவிதான் மெதுவாக ஆரம்பித்தாள். "கோவிச்சுக்காதீங்க. வழுக்கல் அண்ணன் தன் வீட்டுக் கீழ்த்தளத்துல ஒரு ஹால் கட்டி வாடகைக்கு விட்டிருக்காரு. நான் ஒருதடவை போயிருக்கேன். அங்க ஒரு வாசல்லயும் படி இல்ல."

'வழுக்கல்' என்பது இன்னொரு டைல்ஸ் மேஸ்திரி. நம்மவரைவிடப் பத்து வயது மூத்தவர். பட்டப்பெயர் வைத்தது நம்மவர்தான். மூத்தவர் போட்ட தரையில் தண்ணீர் கொட்டினால் அது வீட்டில் இருக்கிற எல்லோரையும் நலம் விசாரித்துவிட்டுத்தான் போகும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர். மூத்தவரும் சும்மா இருக்கவில்லை, 'படிக்கல்' என்று திருப்பிக் கொடுத்தார். இருவரும் ஒரே கடையில் சிமென்ட் வாங்கினாலும் முகம் கொடுத்துப் பேசிப் பதினைந்து வருஷம் இருக்கும்.

மேஸ்திரிக்குத் தலைக்கனம் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவரிடம் இன்னொரு குணமும் உண்டு. குமிழி மயிரிழை நகர்ந்தாலும் ஒட்டி முடித்த கல்லைப் பெயர்த்து மறுபடி ஒட்டுகிற ஆள். தப்பு என்று தெரிந்த பிறகு அதற்குச் சால்ஜாப்புத் தேடிக்கொண்டிருக்க அவருக்கு வராது. "வாங்க போகலாம்" என்று முன்னால் நடந்தார்.

வழுக்கல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வருகிறவரைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"யாரு, படிக்கல்லா? வழி தெரியாம வந்துட்டியா தம்பி?"

"வழி தெரிஞ்சுதான் வந்தேண்ணே. உங்க ஹால் வேணும். என் பொண்ணு பர்த்டே."

"என் தரையிலயா? தண்ணி ஓடுமே!"

"ஓடட்டும்" என்றார் மேஸ்திரி.

அந்த ஒரு சொல்லுக்கு வழுக்கல் பதினைந்து வருஷம் காத்திருந்தவர் போல எழுந்து, கதவை அகலத் திறந்துவிட்டார். மேஸ்திரி உள்ளே நுழைந்தார். பழக்கதோஷம், இல்லாத படிக்குக் காலைத் தூக்கி வைத்துத் தடுமாறி, கதவைப் பிடித்துக்கொண்டார். வழுக்கல் அதைப் பார்த்துவிட்டார். பார்க்காதது போல இருக்க அவர் ஒன்றும் பெரிய மனசுக்காரர் இல்லை, வாய்விட்டுச் சிரித்தார்.

இன்ஸ்பெக்டர் நிற்காமல் உள்ளே போனாள். ஹாலைக் குறுக்கே கடந்தாள், சாப்பிடும் அறையைச் சுற்றினாள், கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் திறந்து பார்த்தாள், பின் முற்றத்துக்குப் போய் ஒரு வட்டம் அடித்தாள். சக்கரச் சத்தம் எங்கேயும் தடைப்படவில்லை. திரும்பி வந்து வாலுவிடம், "வர்றேன்" என்றாள். வாலு கத்திய கத்தலில் வழுக்கலின் கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கிவிட்டது.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க" என்றார் மேஸ்திரி. "இந்த மாதிரிப் பிள்ளைங்களை நினைச்சுத்தான் நீங்க படி வைக்கறதில்லையா?"

வழுக்கல் தலையைச் சொறிந்தார். "பொய் சொன்னா பெருமையாத்தான் இருக்கும். ஆனா அது இல்ல தம்பி. அப்போ கல் அறுக்கற மெஷின் என்கிட்ட இல்ல. அப்புறம் மெஷின் வந்துச்சு, சோம்பேறித்தனம் போகல."

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். சிமென்ட் கடைக்காரர் பார்த்திருந்தால் தன் கண்ணையே நம்பியிருக்கமாட்டார்.

பிறந்த நாளன்று இருபத்து நாலு பிள்ளைகளும் வந்து அந்த ஹாலை இரண்டாக்கினார்கள். மேஸ்திரி ஓர் ஓரமாக நின்றார். தரையைப் பார்க்கக் கூடாது என்று எவ்வளவு முயன்றும் கண் கேட்கவில்லை. இடுக்குகள் கோணல், ஜன்னலோரம் வாட்டம் தப்பு, நடுவில் நாலு கல் பொள்ளல். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஓடிப்பிடிக்கும் விளையாட்டில் இன்ஸ்பெக்டர் அந்தப் பொள்ளல் கல் மேல் போனபோது 'டொம்' என்று சத்தம் எழுந்தது. பிள்ளைகளுக்கு அது போதாதா? எல்லோரும் வரிசை கட்டிக் குதிக்க ஆரம்பித்தார்கள்.

"அப்பா! இந்தத் தரை சூப்பரா சத்தம் போடுது! யாரு போட்டது?" என்று வாலு அங்கிருந்தே கூவினாள்.

வழுக்கல் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். மேஸ்திரி எதையோ மென்று விழுங்கினார். "நல்ல வேலைக்காரர் போட்டதும்மா" என்றார்.

கேக் வெட்டி முடிந்ததும் இன்ஸ்பெக்டர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவரிடம் வந்தாள். அவள் முகமெல்லாம் வியர்வையும் கிரீமும்.

"அங்கிள், உங்க கல்லை இனிமே நான் எங்க பாத்தாலும் கண்டுபிடிச்சுடுவேன். ஓரம் உருண்டையா, வழவழன்னு இருக்கும்ல? எங்க வீட்டு வாசல்லயும் அதேதான். அன்னிக்குப் போயிப் பாத்துட்டேன்."

மேஸ்திரியின் கையில் இருந்த கேக் அப்படியே நின்றது. "எது உங்க வீடு?"

"மார்க்கெட் பின்னாடி சந்துல, பச்சை கேட்."

அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. அவர் போட்ட தரை எதையும் அவர் மறந்ததில்லை. சந்துக்குள் இருக்கும் கீழ்த்தள வீடு, வாடகைக்கு விடுவதற்காகக் கட்டியது. அந்த வாசல் கல்லை மெருகேற்ற இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார்.

"காலைல அம்மா என்னை வண்டியோட தூக்கி வெளிய வெப்பாங்க. ஸ்கூல்லேருந்து வந்ததும் வேன் அண்ணன் உள்ள தூக்கி வெச்சுட்டுப் போவாரு. அம்மா கடைலேருந்து வர ஏழு மணி ஆகும். அதுவரைக்கும் ஜன்னல்தான்" என்று சொல்லிவிட்டு, கேக்கின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு விளையாடப் போய்விட்டாள்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்த அந்த அம்மாவை மேஸ்திரி நினைத்தார். வெட்கமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லாமல் வெளியே போய் வீட்டு உரிமையாளருக்குப் போன் போட்டார். "உங்க சந்து வீட்டு வாசல் கல்லை எடுக்கப் போறேன்" என்றார். அந்தப் பக்கம் ஏதோ முணுமுணுப்பு. "நான் போட்டது, நானே எடுக்கறேன். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வந்தா என்னைக் கேளுங்க. நானே வந்து துடைச்சுட்டுப் போறேன்." அனுமதி கேட்கிற குரலாக அது இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்குப் பச்சை கேட்டைத் தட்டினார், தோளில் கருவிப் பை, பக்கத்தில் வாலு. கதவைத் திறந்த இன்ஸ்பெக்டரின் அம்மா பயந்துவிட்டாள். "என்னண்ணே, ஏதாவது உடைச்சுட்டாளா?"

"அவ ஒண்ணும் உடைக்கலம்மா. நான்தான் உடைக்க வந்திருக்கேன்."

கல் லேசில் வரவில்லை. உளி நழுவியது, வெட்டும் சக்கரம் சூடேறியது. தன் வேலை இத்தனை உறுதியாக இருக்கிறதே என்று வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு எரிச்சல் வந்தது. ஒருவழியாகப் பெயர்த்து எடுத்து, பள்ளத்தைச் சுத்தம் செய்து, தெருத் தரைக்கும் வீட்டுத் தரைக்கும் சமமாகப் புதுக் கல் ஒட்டினார். கண்ணுக்கே தெரியாத அளவுக்கு வெளிப்பக்கமாக வாட்டம் கொடுத்தார். மழைத் தண்ணீர் வந்தாலும் தெருவுக்கே திரும்பிப் போகும். இப்படிச் செய்ய அவருக்கு எப்போதுமே தெரியும், செய்ய வேண்டும் என்றுதான் தோன்றாமல் போயிற்று. சீக்கிரம் இறுகும் பசைதான், ஆனாலும் சாயங்காலம் வரை யாரும் மிதிக்கக் கூடாது என்றார். இன்ஸ்பெக்டர் உள்ளேயிருந்து அரைமணிக்கு ஒரு தடவை, "ஆச்சா? ஆச்சா?" என்று விசாரித்தாள்.

ஐந்து மணிக்கு அவர் கல்லை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்தார். "வரலாம்."

அவள் அம்மா பழக்கத்தில் வண்டியைத் தூக்க முன்னால் வந்தாள். "விடும்மா" என்றாள் இன்ஸ்பெக்டர். கைகளால் சக்கரத்தைத் தள்ளினாள். வாசல் வந்தது, போயிற்று. அவள் சந்தில் இருந்தாள். நன்றி சொல்லவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. கூட ஓடப் பார்த்த வாலுவை மேஸ்திரி தோளைப் பிடித்து நிறுத்தினார். இன்ஸ்பெக்டர் நேரே போய், சந்து முனையில் திரும்பி மறைந்தாள்.

அம்மா இரண்டு எட்டு எடுத்து வைத்தாள். "தனியா எங்கயும் போனதில்லண்ணே."

"போகட்டும்மா. வருவா" என்றார் மேஸ்திரி. அவருக்குக் கண் கலங்கியது. சிமென்ட் கையோடு துடைத்துக்கொண்டார், இன்னும் எரிந்தது.

மூவரும் வாசலில் நின்று காது கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு முனைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் அதிகாரமாக வந்தது.

"யாருது இந்த பைக்கு? வழியிலயா நிறுத்தறது? எடுங்க, நான் போகணும்!"

அம்மா புது வாசலிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சந்துக்கு அப்பால் யாரோ அவசர அவசரமாக பைக்கை நகர்த்தும் சத்தம் கேட்டது.